பிட்ச் போடும் முன் மைதானத்தை அளந்து பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். கிரிக்கெட்டா, கால்பந்தா என்று தங்கள் வாசகர் பக்கத்தில் நடந்துவரும் வாதத்தைப் படித்தோம். கிரிக்கெட் மோகம் மற்ற ஆட்டங்களை விழுங்கிவிட்டது என்கிறார் ஒருவர். பெரியவர்களுக்கான உலகக் கோப்பையில் இந்தியா ஒருமுறைகூட ஆடாத கால்பந்தை எதற்குத் தூக்கிப் பிடிக்க வேண்டும் என்கிறார் இன்னொருவர். இருவரும் டிவியை வைத்தே பேசுகிறார்கள். ஈரோடு, திருப்பூர், கோவைப் பக்கத்து மைதானங்களில் கோடு போடுகிறவர்களும் விசில் ஊதுகிறவர்களுமான எங்களுக்குத் தெரிவது வேறு. இங்கே ஒரு பையன் எந்த ஆட்டத்துக்குப் போகிறான் என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்வது ஊர்ப் பள்ளி மைதானத்தின் நீள அகலமும், அதன் நட்டநடுவில் கிரிக்கெட் பிட்ச் என்று யாரோ போட்டுவிட்டுப் போன எட்டடி அகலச் சிமெண்டுத் தளமும்தான்.

டிவிக்குப் பங்கே இல்லை என்று சொல்லவில்லை. 2023 முதல் 2027 வரையிலான ஐ.பி.எல். ஒளிபரப்பு உரிமை 48,390 கோடி ரூபாய்க்குப் போனது. இருபது ஓவர் ஆட்டத்தில் இரண்டு பக்கமும் சேர்த்து நாற்பது ஓவர். ஒவ்வொரு ஓவர் முடிந்ததும் ஒரு விளம்பரம், விக்கெட் விழுந்தால் இன்னொன்று. கால்பந்தில் 45 நிமிடம் பந்து ஓடிக்கொண்டே இருக்கும். விளம்பரக்காரர் இடைவேளைக்காகக் காத்திருக்க வேண்டும். பணம் எந்தப் பக்கம் சாயும் என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. 2025 ஜூலையில் கால்பந்தின் இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) நிறுத்தி வைக்கப்பட்டதும், அதன் வணிக உரிமைக்கு விடப்பட்ட டெண்டரில் ஒருவர்கூட விலை கேட்காததும் இதன் மறுபக்கம்.

கொங்கு நாட்டுக்குள் வந்தால் கணக்கு இன்னும் தெளிவாகும். சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பந்தில் யார்க்கர் போட்டுப் பழகிய நடராஜன், 2020-21 ஆஸ்திரேலியப் பயணத்தில் ஒருநாள், டி-20, டெஸ்ட் மூன்றிலும் இந்தியாவுக்கு அறிமுகமானார். தமிழ்நாடு பிரீமியர் லீக் (டி.என்.பி.எல்.) கிரிக்கெட் கோப்பையை 2023இல் கோவை அணி வென்றது, 2025இல் திருப்பூர் அணி வென்றது. வாழப்பாடியில் ஒரு மைதானமே எழுந்துவிட்டது. கால்பந்துக்கு இங்கே அப்படி ஒன்றுமில்லையா என்றால், உண்டு. மாநில அணிகள் மோதும் சந்தோஷ் டிராபியின் 1992 இறுதி ஆட்டம் கோவையில் நடந்தது; கேரளம் வென்றது. 2019 மார்ச்சில் கோவை நேரு ஸ்டேடியத்தில் மினர்வா பஞ்சாபை 3-1 என்று வென்று சென்னை சிட்டி எஃப்.சி. ஐ-லீக் பட்டம் வாங்கியது. இந்தியாவின் பழைய தேசிய லீக்கை வென்ற அணிக்கு நம் ஊர் சொந்த மைதானம், பெயரில் மட்டும் சென்னை! சில வருடங்களில் அந்த அணியே களத்தில் இல்லாமல் போயிற்று. நடராஜனைப் பார்த்து ஒரு பையன் மட்டையோ பந்தோ எடுத்தால் அவன் தெருவிலேயே தொடங்கலாம். அந்த ஐ-லீக் வெற்றியைப் பார்த்துவிட்டு வந்த பையன் எங்கே போய்த் தொடங்குவான்?

இங்கே ஒரு திருத்தமும் சொல்ல வேண்டும். கொங்குக் கிராமங்களில் கிரிக்கெட்டுக்கு அடுத்த இடம் கால்பந்துக்கு இல்லை, வாலிபாலுக்கும் கபடிக்கும்தான். உக்கடம், குனியமுத்தூர், போத்தனூர், வால்பாறைத் தேயிலைத் தோட்டங்கள், பாலக்காட்டு எல்லையோரம் என்று சில இடங்களில் கால்பந்து வேரோடியிருக்கிறது. மற்றபடி கோபி, அந்தியூர், காங்கயம், திருச்செங்கோட்டுப் பக்கம் பொழுதோட (சாயங்காலம்) விளக்குப் போட்டு ஆடுவது வாலிபால். காரணம் எளிது. வாலிபால் களம் 18க்கு 9 மீட்டர், 162 சதுர மீட்டர். கபடிக் களம் 13க்கு 10 மீட்டர். கால்பந்துக்குச் சுமாரான அளவே 100க்கு 64 மீட்டர்; சுற்றிலும் மூன்று மீட்டர் ஓட்ட இடம் விட்டால் ஒரு ஏக்கர் எண்பது சென்டுக்கு மேல் போகும். முறையான கிரிக்கெட்டுக்கு 65 மீட்டர் பவுண்டரி வைத்தால் மூன்றேகால் ஏக்கர் வேண்டும். ஆனால் கிரிக்கெட் வளைந்து கொடுக்கும் ஆட்டம். பவுண்டரியை 45 மீட்டராகக் குறைக்கலாம், "அந்தப் பக்கம் தோட்டம், தூக்கி அடிச்சா ரெண்டு ரன்தான்" என்று விதியை மாற்றலாம், முட்டுச்சந்திலும் ஆடலாம். கால்பந்து அப்படி வளைவதற்கு ஆட்டக்காரர்களைக் குறைக்க வேண்டும், கோலைச் சிறிதாக்க வேண்டும். நம் பக்கம் அதைச் செய்து கொடுக்க ஆளில்லை.

டென்னிஸ் பந்து டோர்னமென்டின் வெற்றிக்கு இன்னொரு காரணம் அதன் நிர்வாகம். பொங்கலுக்கோ மாரியம்மன் நோம்பிக்கோ ஒரு போஸ்டர், நுழைவுக் கட்டணம், முதல் பரிசுக்கு ஒரு ரைஸ்மில்காரர், இரண்டாம் பரிசுக்கு ஒரு பைனான்ஸ்காரர், கோப்பைக்கு ஒரு கட்சிக்காரர். எட்டு ஓவர் ஆட்டம் ஒன்றுக்கு இடைவேளையோடு ஒன்றேகால் மணி நேரம். பதினாறு அணி நாக்அவுட் என்றால் பதினைந்து ஆட்டம், இரண்டு ஞாயிற்றுக்கிழமையில் முடிந்துவிடும். அம்பயராக வெளியே உட்கார்ந்திருக்கும் அணியிலிருந்து இரண்டு பேர் நின்றுகொள்வார்கள். ஸ்கோரை கிரிக்ஹீரோஸ் செயலியில் ஏற்றுவார்கள். பெருந்துறையில் தறிக்குப் போகிற பையனுக்குத் தன் மொத்த ரன், சராசரி, விக்கெட் எல்லாம் செல்போனில் கிடைக்கும். இதற்கு இணையாகக் கால்பந்து எதையும் கொடுக்கவில்லை. கோல் அடித்தவன் பெயர் நடுவரின் சட்டைப்பையில் இருக்கும் சீட்டோடு முடிந்துவிடுகிறது. கால்பந்துக்காரர்கள் கிரிக்கெட்டைத் திட்டுவதை விட்டுவிட்டு இதைக் காப்பி அடிக்கலாம். ஒரு வட்டாரத்தில் எட்டு அணி, ஒரு நோட்டுப் புத்தகம், வாரம் ஒரு தரம் வாட்ஸ்அப்பில் புள்ளிப் பட்டியல்: தொடங்குவதற்கு இவ்வளவு போதும்.

இனி அந்தச் சிமெண்டுத் தளம். தொகுதி நிதியிலோ நன்கொடையிலோ பள்ளி மைதானத்துக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று கிளம்புகிறவர்கள் முதலில் செய்வது மைதானத்தின் மையத்தைக் கண்டுபிடித்து அங்கே ஒரு கான்கிரீட் பிட்ச் போடுவது. கால்பந்து மைதானத்தின் நடு வட்டமும் அதே இடம். அன்றோடு அந்த மைதானத்தில் பதினோரு பேர் கால்பந்து முடிந்தது. தளம் போட்ட முதல் வருடம் தரைமட்டமாகத்தான் இருக்கும். ஐப்பசி மழை இரண்டு பெய்ததும் ஓரத்துச் செம்மண் கரைந்து, இரண்டு மூன்று அங்குலத்துக்குச் சிமெண்டு விளிம்பு வெளியே தெரியும். பந்தைப் பார்த்துக்கொண்டு ஓடுகிறவனின் கணுக்கால் அந்த விளிம்பில்தான் மடங்கும். விழுந்தால் முட்டி சிமெண்டில். பந்தும் அங்கே பட்டதும் தாறுமாறாக எகிறும். ஆசிரியர் இரண்டு காயத்தைப் பார்த்ததும் கால்பந்தைப் பூட்டி வைத்துவிடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது.

அந்தத் தளம் கிரிக்கெட்டுக்காவது ஒழுங்காக இருக்கிறதா என்றால் அதுவும் இல்லை. ஸ்டம்புக்கு ஸ்டம்பு 66 அடி என்பதால் பல ஊர்களில் 68, 70 அடியோடு நிறுத்திவிடுகிறார்கள். வேகப்பந்து போடுகிறவனின் பின்கால் ஸ்டம்புக்குப் பின்னால் விழுகிறது. அங்கே சிமெண்டு முடிந்து மண் தொடங்கினால் பத்து ஆட்டத்தில் அந்த இடம் குழியாகிவிடும். முன்கால் சிமெண்டில், பின்கால் குழியில். நீளம் குறைந்தது 80 அடி வேண்டும். அப்போதுதான் ஸ்டம்புக்குப் பின்னால் பக்கத்துக்கு ஏழடி கிடைக்கும். 80 அடி நீளம், 8 அடி அகலம், 4 அங்குலக் கனம் என்றால் 213 கன அடி கான்கிரீட், ஏறக்குறைய ஐம்பது மூட்டை சிமெண்டு. அடியில் திமிசு போட்டு இறுக்காமல் கொட்டினால் முதல் கோடையிலேயே வெடிக்கும். ஈரச் சாக்கு போட்டுப் பத்துப் பதினான்கு நாள் தண்ணீர் காட்ட வேண்டும். விரிசல் எங்கே வேண்டுமானாலும் ஓடாமலிருக்க மூன்று மீட்டருக்கு ஒரு வெட்டு விட்டு, அதைத் தாரால் அடைக்க வேண்டும். அடைக்காத வெட்டில் பந்து பட்டால் மேலே மேட் (பாய்) விரித்திருந்தாலும் எகிறி முகத்துக்கு வரும்.

இவ்வளவு செலவுக்குப் பதிலாக நாங்கள் சொல்வது பழைய முறை: மண் பிட்ச், மேலே விரித்துச் சுருட்டும் மேட். 80க்கு 8 அடியில் ஏழு அங்குலம் தோண்டுங்கள். நம் பக்கத்து நிலத்தில் சுக்காங்கல் நிறைய வரும், பொறுக்கிப் போட்டுவிடுங்கள். அடியில் நான்கு அங்குலம் கிராவல் பரப்பித் தண்ணீர் தெளித்துத் திமிசுக் கட்டையால் இடியுங்கள். மேலே மூன்று அங்குலம் சலித்த குளத்து வண்டல், செம்மண் கலந்து, ஒன்றரை அங்குலம் ஒன்றரை அங்குலமாக இரண்டு தடவையில் போட்டு உருளை ஓட்ட வேண்டும். அமுங்குவதையும் சேர்த்து மேல்மண்ணுக்கு இரண்டு யூனிட் (இருநூறு கன அடி) சொல்லிவிடுங்கள். கலவை சரியா என்று பார்க்க ஒரு பிடி எடுத்துப் பிசைந்து எலுமிச்சம்பழ அளவில் உருட்டி நிழலில் நாலு நாள் காய வையுங்கள். கட்டைவிரலுக்கே பொடிந்தால் செம்மண் அதிகம், வண்டல் சேர்க்க வேண்டும். காயும்போதே ஆழமாக வெடித்தால் களி அதிகம். கரிசல் காட்டு மண்ணை அப்படியே கொண்டுவந்து கொட்டுகிறவர்கள் சித்திரையில் பிட்ச் முழுக்க வெடிப்பைப் பார்ப்பது இதனால்தான்.

பராமரிப்புதான் இதில் வேலை. ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் என்றால் வெள்ளிக்கிழமை பொழுதோட தண்ணீர் விட வேண்டும். அறுபது சதுர மீட்டருக்கு அறுநூறு லிட்டர், அதாவது மூன்று டிரம். சனிக்கிழமை காலையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்து மண் ஒட்டவில்லை என்றால் 250, 300 கிலோ கை உருளையை இருபது நிமிடம் ஓட்டவும். மாலையில் இன்னொரு தடவை. ஈரம் ஒட்டும்போது ஓட்டினால் தோல் தோலாக உரிந்து வரும். மேட்டை இரண்டு முனையிலும் ஆள் நின்று இழுத்துத்தான் ஆணி அடிக்க வேண்டும். தொய்வு இருந்தால் பந்து செத்துப் போகும், பேட்ஸ்மேன் கால் சிக்கும். மூன்றடிக்கு ஒன்று என்று நீளவாக்கில் இரண்டு பக்கமும், முனைகளிலும் சேர்த்து ஆறு அங்குல ஆணி அறுபது பிடிக்கும். தலையில் சிவப்புப் பெயின்ட் அடித்து, ஒரு டப்பாவில் எண்ணி வைத்து, ஆட்டம் முடிந்ததும் எண்ணி வாங்க வேண்டும். ஒன்று குறைந்தால்கூட மறுநாள் அங்கே கால்பந்து ஆட விடக் கூடாது. கால்பந்துக் காலணியின் அடியில் இருக்கும் ஸ்டட் (குமிழ்) மண்ணில் குத்தும் பள்ளம் வெள்ளிக்கிழமைத் தண்ணீரில் ஊறிச் சனிக்கிழமை உருளையில் சரியாகிவிடும். சனி, ஞாயிறு மட்டும் அந்தப் பட்டையில் ஸ்டட் போட்டு ஏறக் கூடாது, ஈர மண்ணில் விழும் பள்ளம் காய்ந்து கல்லாகிவிடும். இந்த வேலைக்கு ஆள் வைக்க மாட்டோம் என்பதால்தான் எல்லோரும் சிமெண்டுக்குப் போகிறார்கள் என்பது எங்களுக்குத் தெரியும்.

சிமெண்டு ஏற்கெனவே போட்டாகிவிட்ட ஊர்களுக்கு வேறு வழி உண்டு, இடிக்க வேண்டாம். 120க்கு 90 மீட்டர் மைதானத்தை எடுத்துக்கொள்வோம். பிட்ச் வடக்கு தெற்காக நடுவில் இருக்கிறது. மாலை வெயில் கண்ணில் அடிக்கக் கூடாது என்பதால் பிட்சும் கால்பந்துக் களமும் வடக்கு தெற்காகத்தான் இருக்க வேண்டும். தளத்தின் விளிம்பிலிருந்து இரண்டு பக்கமும் நான்கு மீட்டர் ஒதுக்கிவிட்டு, வெளி ஓரத்தில் மூன்று மீட்டர் விட்டால் பக்கத்துக்கு 36 மீட்டர் அகலம் கிடைக்கும். அதில் 60க்கு 36 மீட்டரில் மேற்கே ஒன்று, கிழக்கே ஒன்று என இரண்டு செவன்ஸ் (அணிக்கு ஏழு பேர்) களம். ஒரே நேரத்தில் 28 பேர். இருபது நிமிடம், ஐந்து நிமிட இடைவேளை, இருபது நிமிடம், அணி மாற்றப் பத்து நிமிடம். காலை ஆறரைக்குத் தொடங்கினால் எட்டரைக்குள் நான்கு ஆட்டம், 56 பேர் ஆடி முடித்திருப்பார்கள். அதே இரண்டு மணி நேரத்தில் டென்னிஸ் பந்து கிரிக்கெட்டில் ஒரு ஆட்டம் முடிந்து இரண்டாவது ஆட்டம் பாதியில் நிற்கும். கேரள எல்லையைத் தாண்டினால் மலப்புறத்தில் செவன்ஸ்தான் ஆட்டம். பதினோரு பேர் ஆடினால்தான் கால்பந்து என்ற பிடிவாதம் நமக்கு மட்டும் எதற்கு?

ஒரே மைதானத்தை இரண்டு ஆட்டமும் கேட்கும்போது பெரிய இடங்களே தடுமாறியிருக்கின்றன. 2018 நவம்பர் முதல் தேதி இந்தியா - மேற்கிந்தியத் தீவுகள் ஒருநாள் ஆட்டத்தைக் கொச்சியில் நடத்தக் கேரளக் கிரிக்கெட் சங்கம் முயன்றது. 2017இல் 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பைக்காகப் போட்ட புல்தரையைத் தோண்டியா பிட்ச் போடுவது என்று கால்பந்து ரசிகர்கள் கிளம்ப, ஆட்டம் திருவனந்தபுரத்துக்குப் போனது. அங்கே மாற்றிக்கொள்ள இன்னொரு மைதானம் இருந்தது. நம் ஒன்றியங்களில் ஒரு ஊருக்கு ஒன்றுதான்.

கால்பந்துக்கு இடம் கேட்கிறவர்களிடமும் எங்களுக்குச் சில புகார் உண்டு. முதலாவது கோல் போஸ்ட். குழாயை வெல்டு வைத்து மைதானத்தில் சும்மா நிறுத்திவிட்டுப் போகிறார்கள். குழந்தைகள் குறுக்குக் கம்பியைப் பிடித்துத் தொங்கும். தொங்கினால் போஸ்ட் முன்பக்கம் சாயும். இப்படிக் கவிழ்ந்த கோல்களுக்கடியில் உலகில் பல இடங்களில் குழந்தைகள் இறந்திருக்கிறார்கள். கோல் நிலத்தோடு உறுதியாகப் பிணைக்கப்பட்டிருக்க வேண்டும் என்பது ஆட்ட விதியிலேயே இருக்கிறது. முழு அளவு கோலுக்கு, அதாவது 7.32க்கு 2.44 மீட்டருக்கு, இரண்டடி ஆழத்தில் ஒரு பெரிய குழாயைக் கான்கிரீட்டில் புதைத்து அதற்குள் போஸ்டைச் சொருகுங்கள். கிரிக்கெட் நாளில் கழற்றிவிட்டு, குழாய்க்குத் தரைமட்டத்தில் இரும்பு மூடி போட்டுவிடலாம். மூடி இல்லாத குழி பவுண்டரியில் ஓடுகிற ஃபீல்டரின் காலுக்கு வைத்த பொறி. செவன்ஸுக்கு 16 அடிக்கு 7 அடி கோல் போதும், பத்து வயதுக்குட்பட்டவர்களுக்கு 12க்கு 6. நகர்த்தும் கோலாக இருந்தால் பின்கம்பியின் மேல் வளைகம்பி அடித்து நிலத்தில் இறக்க வேண்டும். வலையை மாட்ட இரும்புக் கொக்கி வேண்டாம், விரல் மோதிரம் சிக்கினால் விரலே போகும். பிளாஸ்டிக் கிளிப் போதும்.

கோடு போடச் சுண்ணாம்பு வேண்டவே வேண்டாம். சுட்ட சுண்ணாம்பு கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. நீர்த்த சுண்ணாம்புகூடச் சிராய்ப்பில் பட்டால் புண்ணாகும். வெள்ளைக் கல்மாவு கிடைக்கிறது, அதுவே போதும். மூலையில் செங்கோணம் எடுக்கக் கொத்தனாரின் மூன்று, நான்கு, ஐந்து அளவு. அதைச் செய்யாமல் கண்மட்டத்துக்கு இழுப்பதால்தான் பாதி மைதானங்களில் ஒரு பக்கம் நாலு மீட்டர் கூடுதலாக இருக்கிறது.

பந்தும் காலணியும் சரியில்லாததால் ஆட்டத்தை விட்டுப் போகிற பிள்ளைகள் அதிகம். எட்டு வயசுப் பையனிடம் ஐந்தாம் நம்பர் பந்தைக் கொடுத்தால் கால்தான் வலிக்கும். எட்டு வயது வரை மூன்றாம் நம்பர், பன்னிரண்டு வரை நான்கு, அதற்கு மேல் ஐந்து. ஐந்தாம் நம்பரின் எடை 410 முதல் 450 கிராம், காற்று 8.5 முதல் 15.6 பி.எஸ்.ஐ. வரை. நம் காய்ந்த தரைக்கு ஒன்பதைத் தாண்ட வேண்டாம். பன்னிரண்டு வைத்தால் பந்து தலைக்கு மேலேயே பறக்கும், யாரும் காலில் அடக்க முடியாது. காலையில் சரியாக அடித்த பந்தை மத்தியான வெயிலில் போட்டுவைத்தால் காற்றழுத்தம் ஏறிவிடும், மாலையில் மறுபடி பாருங்கள். ஊசியை எச்சிலிலோ தண்ணீரிலோ நனைக்காமல் குத்தினால் வால்வு கிழியும். சரளைத் தரையில் தையல் பந்து ஒரு மாதம்கூடத் தாங்காது. அச்சில் வார்த்த ரப்பர் பந்து தாங்கும். காலணியில் நீள ஸ்டட் புல்தரைக்கானது. கட்டாந்தரையில் அது இறங்காது, குதிகாலும் கணுக்காலும் அடி வாங்கும். சிறுசிறு ரப்பர்க் குமிழ் உள்ள டர்ஃப் ஷூதான் இங்கே சரி. முன்னங்கால் எலும்பைக் காக்கும் ஷின் கார்டு விதிப்படி கட்டாயம், ஆனால் எங்கள் பக்கம் பாதிப் பேர் அட்டையை மடித்து சாக்ஸுக்குள் வைத்துக்கொண்டு வருகிறார்கள்.

தண்ணீரையும் சொல்ல வேண்டும். முழு மைதானத்துக்கு ஐந்து மில்லிமீட்டர் தண்ணீர் என்றாலே 32,000 லிட்டர், பெரிய லாரி கிட்டத்தட்ட மூன்று நடை. எந்தப் பள்ளியும் கொடுக்காது. இரண்டு கோல் வாசலையும் மட்டும் நனைத்தால் 2,000 லிட்டரில் முடியும். புழுதி பறப்பதும் கோல்கீப்பர் விழுந்து தோல் உரிவதும் அங்கேதான். ஈரோட்டு வெயிலில் பங்குனி, சித்திரையில் பத்து மணிக்கு மேல் கால்பந்து ஆட விடவே கூடாது. கிரிக்கெட்டில் நின்று மூச்சு வாங்கலாம். ஆகவே அதிகாலையும் பொழுதோடவும் கால்பந்துக்கு, நடுப்பகல் கிரிக்கெட்டுக்கு என்று பிரிப்பதே முறை. டோர்னமென்ட் நடத்துகிறவர்கள் காலை ஆறு மணியிலிருந்து இருட்டும் வரை மைதானத்தைப் பிடித்து வைக்காமல் ஒன்பது மணிக்குத் தொடங்கினால் மேலே சொன்ன 56 பேர் ஆடிவிட்டுப் போயிருப்பார்கள். மாதக் கணக்கிலும் அப்படியே. தை முதல் வைகாசி வரை தரை காய்ந்திருக்கும், கிரிக்கெட்டுக்கு ஏற்றது. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பல்லடம், உடுமலை, தாராபுரம் பக்கம் அடிக்கிற அடியில் டென்னிஸ் பந்து காற்றோடு போய்விடும். கால்பந்தைத் தரையோடு பாஸ் கொடுத்து ஆடலாம், பிள்ளைகளுக்கு அது நல்ல பழக்கமும்கூட. பள்ளிகளுக்கான குறுவட்டப் போட்டிகளும் அந்த நேரத்தையொட்டித்தான் வருகின்றன.

இப்போது நகரங்களில் பெருகிவிட்ட டர்ஃப் பற்றியும் கேட்கிறார்கள். வலைக்கூண்டுக்குள் மணி வாடகை, ஏழு மணி வரை கால்பந்துப் பயிற்சி, அப்புறம் நள்ளிரவு தாண்டியும் பாக்ஸ் கிரிக்கெட். ஒரே தரையில் இரண்டும் நடக்கிறது என்றாலும் தரை கால்பந்துக்கானது. நாற்பது, ஐம்பது மில்லிமீட்டர் உயரச் செயற்கைப் புல், இடையில் மணலும் ரப்பர்த் துகளும். டென்னிஸ் பந்து அதில் எழும்பாது, அதனால் மேலே குட்டை மேட் விரிக்கிறார்கள். வெயில் நேரத்தில் அந்தத் தரை அறுபது டிகிரியைத் தாண்டும், வெறுங்காலோடு பிள்ளைகளை விடாதீர்கள். துகள்கள் ஓரத்துக்கு ஒதுங்கிவிடும். வாரம் ஒரு தரம் பிரஷ் போட்டு இழுக்காத டர்ஃபில் வழுக்கியும் விழுவார்கள், கால் மாட்டி முட்டியும் திருகும். வாடகை கொடுக்க முடிந்தவர்களுக்கு இது நல்ல வசதிதான். அரசுப் பள்ளி மைதானத்துக்கு இது மாற்றாகாது.

பொருட்காட்சிக்கும் பொதுக்கூட்டத்துக்கும் மைதானத்தை விடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பந்தல் கால் குழிகளை ஜல்லியால் நிரப்பிவிட்டுப் போகிறார்கள். எடுத்த மண்ணையே பத்து சென்டிமீட்டர் அடுக்காகப் போட்டு, நனைத்து, இடித்து மூட வேண்டும். கயிற்றில் காந்தம் கட்டி இழுத்தால் ஆணிகள் கூடை கூடையாக வரும். வைப்புத்தொகையை வாங்கிவைத்து, இது முடிந்த பிறகே திருப்பித் தருவது என்று குத்தகை விதியிலேயே எழுதிவிடலாம்.

கோவை ஒண்டிப்புதூரில் பெரிய கிரிக்கெட் ஸ்டேடியம் வரும் என்று அறிவித்திருக்கிறார்கள்; வரட்டும். எங்கள் வேண்டுகோள் அதைவிடச் சிறியது. உங்கள் ஊர்ப் பள்ளி மைதானத்தில் பிட்ச் போட யாராவது நிதியோடு வந்தால், ஜல்லி லாரி வருவதற்கு முந்தின நாள் ஒரு நூறு மீட்டர் டேப், நான்கு முளைக்குச்சி, ஒரு கண்டு நூல் கயிறு எடுத்துப் போங்கள். முதலில் கால்பந்துக் களத்தின் நான்கு மூலையையும் அடித்துக் கயிறு கட்டுங்கள். அதற்கு வெளியே பிட்சுக்கு இடம் இருந்தால் அங்கே போடச் சொல்லுங்கள். இல்லையென்றால் மண் பிட்சும் மேட்டும் கேளுங்கள். மதிப்பீடு தயாரிக்கும் பொறியாளரிடம் உடற்கல்வி ஆசிரியரின் கையெழுத்துள்ள வரைபடம் ஒன்றையும் கொடுத்துவிடுங்கள். கான்கிரீட் இறுகிவிட்டால் பிறகு யார் பேச்சும் எடுபடாது.

இப்படிக்கு,
உடற்கல்வி ஆசிரியர்கள், நடுவர்கள், மைதானப் பணியாளர்கள் சிலர்,
ஈரோடு மாவட்டம்.